குழந்தைகளுடன் விமானப் பயணம்: குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் பிற இந்திய நகரங்களுக்கும் பிள்ளைகளுடன் செல்லும் குடும்பங்களுக்காக இந்தக் கேள்வி-பதில் எழுதப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டாலும், விமானம் என்றால் நமக்கு இன்றும் திருவனந்தபுரம்தான். உறவினரை ஏற்றிவிடவும், சொந்தப் பிள்ளைகளுடன் பறக்கவும் அந்த வாசலில் பலமுறை நின்றதில் கற்றுக்கொண்டவற்றையே இங்கே சொல்கிறேன்.

குழந்தைகள் இருந்தால் எத்தனை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும்?

உள்நாட்டுப் பயணத்துக்கு 2 மணி நேரம், வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் என்பது விமான நிறுவனங்கள் எல்லோருக்கும் சொல்லும் பொதுக் கணக்கு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் இதோடு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதாவது உள்நாட்டுக்கு இரண்டரை மணி நேரம், வெளிநாட்டுக்கு மூன்றரை மணி நேரம். இது வீட்டிலிருந்து வண்டி கிளம்பும் நேரமல்ல, நிலைய நுழைவாயிலில் பயணச்சீட்டைக் காட்டும் நேரம் என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். அப்பா ஒன்றைக் கணக்கிட்டு, ஓட்டுநர் வேறொன்றைக் கணக்கிட்டு, இடையில் முக்கால் மணி நேரம் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

விமானம் கிளம்பும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் போதாதா?

போதாது. பயணச்சீட்டில் பெரிதாக அச்சாகியிருக்கும் நேரத்தைத்தான் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கிறோம். ஆனால் நம் பயணம் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வது செக்-இன் கவுண்டர் மூடப்படும் நேரம். உள்நாட்டு விமானங்களுக்குக் கவுண்டர் பொதுவாக 60 நிமிடங்களுக்கு முன்பே மூடப்படுகிறது. வெளிநாட்டு விமானங்களுக்கு நிறுவனத்தைப் பொறுத்து 60 நிமிடங்களோ 75 நிமிடங்களோ ஆகலாம், சிலவற்றில் அதற்கும் முன்பே மூடுகிறார்கள். உங்கள் சீட்டில் சிறிய எழுத்தில் அது இருக்கும், தேடிப் பார்த்துக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏறும் வாயிலும் புறப்பாட்டுக்கு 20 அல்லது 25 நிமிடங்கள் இருக்கும்போதே அடைக்கப்பட்டுவிடும்.

ஆகவே கவுண்டர் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரி. அதிகாலை 4.30 மணிக்குச் சார்ஜா விமானம் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டர் 3.15-க்கு மூடும். மூன்றரை மணி நேரம் முன்னதாக, நள்ளிரவு 1 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து இரவில் 2 மணி நேரம் ஓட்டம். வழியில் பிள்ளைக்குச் சத்தி வந்தாலோ டயர் பஞ்சரானாலோ ஈடுகொடுக்க அரை மணி நேரம். எனவே முந்தைய இரவு 10.30-க்கு வண்டி நகர வேண்டும்.

வண்டி நகர வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் வழியனுப்புவது ஒரு சிறிய விசேஷம். ஜெபம் நடக்கும் வீடானாலும் சாமி அறையில் திருநீறு பூசி அனுப்பும் வீடானாலும், அம்மச்சி பேரப்பிள்ளையைக் கையிலிருந்து இறக்க மனமில்லாமல் நிற்பார். அந்த நேரத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அதற்கென்று 20 நிமிடங்களைக் கணக்கிலேயே ஒதுக்கிவிடுங்கள். விமான நிலைய வாசலில் அந்த நேரத்தைச் செலவிடுவதைவிட வீட்டு முற்றத்தில் செலவிடுவது நல்லது. பயணச்சீட்டு இல்லாதவர்களை எப்படியும் உள்ளே விடமாட்டார்கள்.

சாலையில் எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தச் சாலையில் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது. தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று ஊர் ஊராகக் கடைவீதிகளுக்கு நடுவே செல்லும் வழி இது. எல்லை தாண்டிய பிறகு பழைய சாலையிலேயே சென்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய சந்திப்புகள் காத்திருக்கின்றன. பாலராமபுரம் சந்திப்பில் மாலை நேரத்தில் சிக்கிய வண்டி எப்போது விடுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் களியக்காவிளைக்குப் பிறகு காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை செல்லும் நான்குவழிப் புறவழிச்சாலையைப் பிடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். முக்கோலை வரை கான்கிரீட் சாலை, அதன்பின் கோவளம் சந்திப்பு, திருவல்லம் வழியாக ஈஞ்சக்கல், சாக்கை என்று விமான நிலையத்தின் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும். பழகிய ஓட்டுநர் என்றாலும் கிளம்பும்போதே எந்த வழி என்று பேசிவிடுங்கள்.

பகலில் நாகர்கோவிலிலிருந்து 3 மணி நேரம், மார்த்தாண்டத்திலிருந்து 2 மணி நேரம் என்று ஒதுக்கினால் பதற்றமில்லாமல் போகலாம். இரவில் கடைவீதிகள் ஓய்ந்திருக்கும், ஆனால் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் எல்லையை நோக்கி வரிசையாகச் செல்லும் நேரமும் அதுவே. வாடகை வண்டியானால் கேரளாவுக்குள் செல்வதற்கான பர்மிட், வரி எல்லாம் முதல் நாளே சரியாக இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். சோதனைச் சாவடியில் ஓட்டுநர் தாள்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போக, பின் இருக்கையில் குழந்தை விழித்து அழத் தொடங்கினால், அந்தப் பயணம் அங்கேயே தளர்ந்துவிடும்.

நள்ளிரவு விமானத்தில் தேதிக் குழப்பம் வருகிறதே?

வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவதால் இது உண்மையான ஆபத்து. சீட்டில் 15-ஆம் தேதி 00.40 என்று இருந்தால், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலையில். 15-ஆம் தேதி இரவு என்று நினைத்துச் சென்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நாட்காட்டியில் கிளம்பும் நாளை வட்டமிட்டு வையுங்கள், விமானத்தின் நாளை அல்ல.

எந்த முனையத்துக்குப் போக வேண்டும்?

சீட்டில் உள்ள முனைய எண்ணைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் முதல் முனையம் கடற்கரைப் பக்கம் சங்குமுகத்திலும், இரண்டாம் முனையம் ஓடுபாதைக்கு மறுபுறம் சாக்கைப் பக்கத்திலும் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக இயலாது. சாலை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். பெட்டிகளை இறக்கி, பிள்ளைகளை இறக்கி, வண்டியையும் அனுப்பிய பிறகு தவறு தெரிந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

பிள்ளைகளுக்கு என்னென்ன ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்?

வெளிநாட்டுக்கு என்றால் கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். இதில் பலர் தவறுவது காலாவதியில். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சிறு பிள்ளைகளுடையது 5 ஆண்டுகளுக்குத்தான். இரண்டும் ஒரே நாளில் எடுத்தவை என்பதால் இரண்டும் ஒன்றாகவே முடியும் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான நாடுகள் குறைந்தது 6 மாதச் செல்லுபடியை எதிர்பார்ப்பதால், டிக்கெட் எடுக்கும் அன்றே பிள்ளையின் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

உள்நாட்டுப் பயணத்தில், உரிய அடையாள அட்டையுள்ள பெற்றோருடன் செல்லும் பிள்ளைக்கு நுழைவாயிலில் தனி அட்டை கட்டாயமில்லை. ஆனால் 2 வயதுக்குக் குறைந்த குழந்தை என்று சொல்லி மடியில் வைத்துச் செல்லும் டிக்கெட் எடுத்திருந்தால், கவுண்டரில் வயதுக்குச் சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழின் நகலோ, சிறு குழந்தைகளுக்கு வழங்கப்படும் நீல நிற ஆதாரோ கையில் இருக்கட்டும். பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பி வரும்போது குழந்தைக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தியக் குடிமக்கள் புறப்படும்போது குடியேற்றப் படிவம் நிரப்பும் வழக்கம் 2017 ஜூலை முதல் இல்லை. ஆகவே அந்த வேலை மிச்சம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் அதிகாரி பார்க்க வேண்டும் என்பதால், தோளில் தூங்கும் குழந்தையைத் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கும்.

பாதுகாப்புச் சோதனையில் பிள்ளைகளால் நேரம் எங்கே போகிறது?

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல்முறை செல்பவர்கள் திணறுவது இங்கேதான்.

மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் நடத்தும் இந்தச் சோதனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை. பெண்களைத் திரையிட்ட சிறு அறைக்குள் பெண் காவலரே சோதிப்பார். எனவே குடும்பம் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. பெட்டிகளோ ஒரே எக்ஸ்ரே இயந்திரத்தின் மறுபக்கத்தில் தட்டுத் தட்டாக வந்து குவிகின்றன. ஆண்கள் வரிசை நீளமாக இருந்து அப்பா அங்கே மாட்டிக்கொண்டால், அம்மா ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மூத்த பிள்ளையுமாக நின்று, ஐந்து தட்டுகளிலிருந்து பொருட்களை எடுக்க வேண்டியதாகிறது. எந்தப் பிள்ளை யாருடன், எந்தப் பை யார் பொறுப்பு என்பதை வரிசையில் சேரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் இருக்கும் பையை யார் கண்காணிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது நகை. நம் பிள்ளைகளின் இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் கொலுசு, கையில் காப்பு. உலோகத்தைக் கண்டறியும் கதவுச் சட்டத்தைக் கடக்கும்போது அது ஒலிக்கும், பிறகு கைக்கருவியால் தடவிப் பார்ப்பார்கள், கருவி மீண்டும் ஒலிக்கும். என் தங்கையின் பத்து மாதக் குழந்தைக்கு இடுப்பில் வேலைப்பாடுள்ள கொடி கட்டியிருந்தது. உடைக்கு உள்ளே, டயப்பருக்கு மேலே இருந்த அதைக் காட்டுவதற்காக, பின்னால் வரிசை நிற்க, குழந்தையின் சட்டையைத் தூக்கி, அழுகையை அடக்கி, மறுபடி உடுத்திவிட நெடுநேரம் பிடித்தது. அந்தப் பெண் காவலர் பொறுமையாகத்தான் நடந்துகொண்டார், ஆனாலும் தங்கையின் கை நடுங்கிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயண நாளன்று கறுப்புக் கயிறு மட்டும்தான்.

கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி, பவர் பேங்க் ஆகியவற்றைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் தனியாக வைக்க வேண்டும். பிள்ளை படம் பார்த்துக்கொண்டிருக்கும் டேப்லெட்டை அந்த நொடியில் பிடுங்கினால் என்ன நடக்கும் என்பது பெற்றோருக்குத் தெரியும். வரிசை நகரத் தொடங்கும்போதே வாங்கி வைத்துவிடுவது நல்லது. கையில் கட்டிப்பிடித்திருக்கும் பொம்மையும் இயந்திரத்துக்குள் போயாக வேண்டும். "பொம்மை குகைக்குள்ள போயிட்டு அந்தப் பக்கம் வரும் மக்ளே, நாம போய்ப் பிடிப்போம்" என்று முதல் நாளே வீட்டில் விளையாட்டாகச் சொல்லிப் பழக்கினால், பெரும்பாலான பிள்ளைகள் தாமே பொம்மையைத் தட்டில் வைத்துவிடுவார்கள்.

கழிப்பறைக்குச் செல்வதையும் டயப்பர் மாற்றுவதையும் வரிசையில் சேரும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் வெளியேறினால் மறுபடி கடைசியில்தான் சேர வேண்டியிருக்கும். கைக்குழந்தையுடன் நிற்பவர்களைப் பல நேரங்களில் காவலர்களே முன்னால் அழைத்துவிடுவது உண்டு. அழைக்காவிட்டால் பணிவாகக் கேட்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பித் தாமதமாகப் போகாதீர்கள்.

பால், தண்ணீர், குழந்தை உணவு கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் உள்ள திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மிகாத புட்டியில் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் கொள்ளும் ஒரே பைக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. குழந்தைக்குப் பயணத்தின்போது தேவைப்படும் பாலுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் இதில் விலக்கு உண்டு. அவற்றைத் தனிப் பையில் மேலாக வைத்து, கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுங்கள்; ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னால் தயங்க வேண்டாம். மருந்துச் சிரப் இருந்தால் மருத்துவர் சீட்டும் உடன் இருக்கட்டும். பால்பொடியைத் தனியாகவும் வெந்நீரைச் சிறு பிளாஸ்கிலும் வைத்துக்கொள்வதே வசதி.

இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, வரிசையில் நிற்கும்போது கொடுக்க நம் ஊர் மட்டிப்பழத்தை மிஞ்ச ஒன்றில்லை. குழந்தைகளுக்கு ஊட்டிப் பழகிய பழம், கையில் ஒட்டாது, பசியும் அடங்கும். நசுங்காமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பெட்டியில் எதை வைத்தால் திரும்ப அழைக்கிறார்கள்?

அதிகம் தடுமாற வைப்பது பவர் பேங்க். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்காக அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. பெட்டியைப் போட்டுவிட்டுக் குடியேற்ற வரிசையில் நிற்கும்போது பெயர் சொல்லி அழைத்தால், குடும்பத்தில் ஒருவர் திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அதுவரை மற்றவர்கள் பிள்ளைகளுடன் ஓரமாகக் காத்திருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் பொம்மைகளையும் அணைத்து வையுங்கள்.

கொப்பரைத் தேங்காயை இரண்டு வகைப் பையிலும் அனுமதிப்பதில்லை. எண்ணெய்ப் பசை மிகுந்த அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதே காரணம். தேங்காய் எண்ணெய், ஊறுகாய், நெய், மிளகாய்ப் பொடி ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காதீர்கள். ஏத்தங்காய் சிப்ஸ் எதிலும் போகலாம். பிள்ளையின் விளையாட்டுத் துப்பாக்கியைக் கைப்பையில் கண்டால் எடுத்துவிடுவார்கள், அழுகையைச் சமாளிக்கும் பொறுப்பு உங்களுடையது, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று: மசாலாப் பொட்டலங்களில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், அங்கே இறங்கிய பின் பெரிய தொல்லையாகிவிடும்.

தள்ளுவண்டியை எங்கே ஒப்படைப்பது?

பெரும்பாலான நிறுவனங்கள் குழந்தையின் தள்ளுவண்டிக்குக் கட்டணம் கேட்பதில்லை. விமான வாசல் வரை தள்ளிச் சென்று அங்கே ஒப்படைக்கும் வசதியும் உண்டு. கவுண்டரிலேயே கேட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். சோதனையின்போது குழந்தையைத் தூக்கிவிட்டு வண்டியை மடித்து இயந்திரத்தில் வைக்க வேண்டும். ஒரு கையால் மடிக்க முடியாத வண்டியானால் அதை முன்பே பெட்டிகளோடு அனுப்பிவிடுவதே மேல்.

வீட்டிலேயே செக்-இன் செய்துவிட்டால் தாமதமாகப் போகலாமா?

பெட்டி போட வேண்டியிருந்தால் கவுண்டர் மூடும் நேரம் உங்களுக்கும் பொருந்தும். மடிக்குழந்தையின் வயதையும் விசாவையும் சரிபார்க்கக் கவுண்டருக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். முகத்தைக் காட்டி நுழையும் டிஜி யாத்திரை உள்நாட்டுப் பயணத்துக்கானது. ஆனால் வீட்டில் செக்-இன் செய்வதில் ஒரு பெரிய நன்மை உண்டு: எல்லோருக்கும் அடுத்தடுத்த இருக்கைகளை முன்பே எடுத்துக்கொள்ளலாம்.

எந்த நாட்களில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்?

வளைகுடாப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். ஊருக்கு வந்த குடும்பங்கள் எல்லாம் ஆகஸ்ட் கடைசியில் ஒரே வாரத்தில் திரும்புகின்றன, பெரும்பாலும் ஓணத்தின் கூட்டமும் அதை ஒட்டியே வருகிறது. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி முதல் வாரத்திலும் இதே நிலைதான். அந்த நாட்களில் வெளிநாட்டுப் பயணத்துக்கு முழு 4 மணி நேரம் ஒதுக்குங்கள்.

திருவனந்தபுரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. பத்மநாப சுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் நிறைவில், சுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் செல்கிறது. ஆண்டுக்கு இந்த இரண்டு நாட்களில் மாலை தொடங்கிச் சில மணி நேரம் ஓடுபாதை மூடப்படும், விமானங்களின் நேரமும் மாற்றப்படும். ஈஞ்சக்கல் பக்கச் சாலைகளிலும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். மார்ச்-ஏப்ரல், அக்டோபர்-நவம்பர் மாதங்களில் டிக்கெட் எடுப்பவர்கள் ஆறாட்டு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 5 மணி நேரம் முன்னதாகவே போய்விட்டால் என்ன?

பெரியவர்களுக்குச் சரி, பிள்ளைகளுக்கு வேண்டாம். கவுண்டர் பெரும்பாலும் 3 மணி நேரத்துக்கு முன்னர்தான் திறக்கிறது. அதுவரை பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படுக்க இடமில்லாமல், விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படித் தூக்கம் கெட்ட பிள்ளை சோதனை வரிசைக்கு வரும் நேரத்தில்தான் உடைந்து அழும். சாலையை நினைத்துப் பயமாக இருந்தால், சீக்கிரம் கிளம்பி ஊருக்குள் உறவினர் வீட்டிலோ ஓர் உணவகத்திலோ இரவுச் சாப்பாட்டை முடித்து, பிள்ளையை வண்டியிலேயே தூங்கவிட்டு, கணக்கிட்ட நேரத்துக்கு வாசலில் இறங்குங்கள்.

விமானம் தாமதம் என்று செய்தி வந்தால் நாமும் தாமதமாகப் போகலாமா?

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, கவுண்டர் மூடும் நேரமும் மாறியிருக்கிறதா என்று கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். புறப்பாடு தள்ளிப்போனாலும் கவுண்டர் பழைய நேரத்துக்கே மூடப்படலாம், தாமதம் திரும்பக் குறைந்தும் போகலாம். தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றால் பழைய நேரத்துக்கே கிளம்புங்கள். நீங்கள் நிலையத்துக்குள் இருக்கும்போது தாமதம் நீண்டால், இந்திய நிறுவனங்கள் விமானம் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரத் தாமதத்துக்கு மேல் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. பிள்ளைகள் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். ஆனாலும் ஒரு வேளைப் பாலும் இரண்டு டயப்பரும் ஒரு மாற்றுடையும் கணக்குக்கு மேல் கைப்பையில் இருக்கட்டும்.